வலது கை நகங்கள்

இசக்கியின் முதுகை நான் இதுவரை பார்த்ததில்லை. இரண்டாவது பேஸில் வந்து நின்று, மூச்சு வாங்கி, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு நிமிரும்போதுதான் இது உறைக்கிறது. ஹாஸ்டலில் ஒரே அறை, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட், பேஸ்பால் டீமில் பத்து வருஷம், அப்படியும் பார்த்ததில்லை. அறையில் அவள் தலை துவட்டும்போது பார்த்திருப்பேன், அது கணக்கில் வராது, பந்து எறிகிற மேட்டில் நிற்கும்போது இருக்கிற முதுகைச் சொல்கிறேன். எப்படிப் பார்த்திருக்க முடியும்? அவள் பிட்சர், நான் கேட்சர். அவள் மேட்டில் நின்று எறிவாள், நான் எதிரே, மட்டைக்காரிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பிடிப்பேன். எனக்கு எப்போதும் முகம்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு என் கையைத் தேடுகிற முகம். இன்றைக்கு அந்த முகம் இன்னொருத்திக்கு, எனக்கு முதுகு. ஓசூர் டீமின் பச்சைச் சட்டை, நடுவில் வியர்வை நனைத்த திட்டு, காலருக்குள் சுருட்டிச் சொருகிய பின்னல். அந்தப் பின்னல் அவிழாமல் இருக்க நான்தான் பல்லில் கடித்து ஹேர்பின்னைப் பிரித்துக் கொடுப்பேன். இப்போது யார் கொடுக்கிறார்கள்? புருஷனா? அவருக்கு ஹேர்பின் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியுமா? சே, என்ன நினைப்பு இது, மேட்ச் நடந்துகொண்டிருக்கிறது. மாநிலப் போட்டியின் அரையிறுதி, திருச்சியில் ஏதோ ஒரு காலேஜ் மைதானம், புல் என்று பெயருக்குக்கூட இல்லை, வெயில் காலணிக்குள்ளே ஏறுகிறது. நாங்கள் நெல்லை, அவர்கள் ஓசூர், இரண்டு பேரும் புள்ளியில் சமமாக நிற்கிறோம், கடைசி இன்னிங்ஸ், எங்களில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் எங்கள் முறை முடிந்தது. நான் இங்கிருந்து மூன்றாவது பேஸைச் சுற்றி ஹோமைத் தொட்டுவிட்டால் ஜெயித்தோம். ஹோம் என்பது வேறெதுவும் இல்லை, மட்டைக்காரியின் காலடியில் கிடக்கிற ஒரு வெள்ளைப் பலகை, நான் வாழ்க்கையில் பாதியை அதன் பின்னால் குத்தவைத்தே கழித்திருக்கிறேன், முட்டி இரண்டும் அதற்குச் சாட்சி.

நான் இங்கே வந்து சேர்ந்த லட்சணத்தையும் சொல்லவேண்டும். இந்தக் கடைசி இன்னிங்ஸுக்குத்தான் அவளை எறிய இறக்கினார்கள், மட்டை பிடித்து அவளுக்கு எதிரே போய் நின்றேன், முதல் முறையாக. ராத்திரியெல்லாம் இதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை, என்ன போடுவாள், என்னைப் பார்ப்பாளா, சிரிப்பாளா. அவள் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, நாலு பந்தையும் எட்டாத தூரத்தில் வேண்டுமென்றே வெளியே போட்டாள். நாலும் வெளியே போனால் மட்டைக்காரி சும்மா முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அது விதி. நடந்தேன். சுடலைமுத்து சார், எங்கள் கோச், கைதட்டினார். "புஷ்பத்துக்குப் பயந்துட்டாடே!" பயமாம். கல்யாண வீட்டில் வந்தவளைக் கும்பிட்டு, பந்திக்குக் கூப்பிடாமல் வாசலோடு அனுப்பியது மாதிரி இருந்தது எனக்கு. அடித்துவிடுவேன் என்று பயமா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா, இல்லை சும்மா அவர்கள் கோச் சொன்னதைச் செய்தாளா? அடுத்து வந்தவள் பந்தை லேசாகத் தட்டிவிட்டு அவுட் ஆனாள், அந்தச் சாக்கில் நான் இரண்டாவது பேஸுக்கு ஓடிவந்தேன். பந்தை எடுக்க முதல் பேஸ் பக்கம் வந்த இசக்கிக்கு நாலடி தள்ளித்தான் ஓடினேன். பவுடர் வாசனைகூட வந்தது, அதே பவுடர். அவள் பார்க்கவில்லை.

இப்போது ஷமீமா மட்டையோடு வருகிறாள், மேலப்பாளையத்துப் பெண், கை வலுவு அதிகம், பொறுமை கிடையாது. எதிரே ஓசூரின் கேட்சர் சைத்ரா உட்காருகிறாள், பத்தொன்பது இருபது வயது இருக்கும், முட்டி எப்படி மடங்குகிறது பார், சத்தமே இல்லாமல். எங்கள் அம்மாவுக்கு ஒருமுறை இந்த விளையாட்டை விளக்கப்போய் படாதபாடு பட்டேன். பிட்சர் தன் இஷ்டத்துக்கு எறியமாட்டாள்மா, குத்தவைத்திருக்கிறவள் தொடை இடுக்கில் விரல் காட்டுவாள், ஒரு விரல் என்றால் ஒரு பந்து, இரண்டு விரல் என்றால் வேறு பந்து, பிட்சருக்குப் பிடித்திருந்தால் தலையசைப்பாள், பிடிக்கவில்லை என்றால் மாட்டேன் என்று ஆட்டுவாள், அப்புறம் வேறு விரல். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள், "அப்போ நடுவுல ஒருத்தி மட்டையத் தூக்கிட்டு நிக்கா, அவளுக்குத் தெரியாம நீங்க ரெண்டு பேரும் ரகசியம் பேசுதீய, அதான?" அதேதான்மா. இதைவிட நன்றாக எந்தக் கோச்சும் சொல்லித்தந்ததில்லை. அந்த ரகசியத்தை மைதானத்தில் வேறு யாரும் பார்க்க முடியாது, ஒரே ஒருத்தியைத் தவிர. எதிர் டீமில் ஓடி வந்து இரண்டாவது பேஸில், பிட்சரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாளே, அவளுக்கு அந்த விரல்கள் நேராகத் தெரியும். அவள் பார்த்து, கையை ஹெல்மெட்டில் வைத்தோ முட்டியில் வைத்தோ தன் மட்டைக்காரிக்குச் சொல்லிக்கொடுக்கலாம், எல்லோரும் செய்வதுதான். அந்த ஒருத்தியாக இன்றைக்கு நான் நிற்கிறேன். ஹெல்மெட்டைத் தொட்டால் வேகப்பந்து, முட்டியைத் தொட்டால் மற்றது, காலையில் பஸ்ஸிலேயே பேசி வைத்தாயிற்று. "அவ கை உனக்குத் தெரியாததா? ஒரு பந்து விடாம சொல்லணும் பாத்துக்க," என்றார் சார். எனக்குத் தெரியாததா. அந்தக் கையைச் செய்ததே நான்தானே.

இசக்கிக்குக் கண் சரியில்லை, தூரம் தெரியாது. கண்ணாடி போட்டால் டீமில் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட, அவள் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் தெரியும். ஒரு விரலா இரண்டு விரலா என்று தெரியாமல் அவள் என்னத்தையோ எறிய, நான் வேறு எதற்கோ கையை நீட்டி, கட்டைவிரல் பிசகி ஒரு மாதம் கட்டுப்போட்டுத் திரிந்தேன். அப்புறம்தான் மாடியில் துணி காய்கிற கொடிக்கடியில் உட்கார்ந்து புதிதாக ஏற்பாடு செய்தோம். ஆள்காட்டி விரல் நீட்டினால் வேகப்பந்து, அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். இரண்டு விரல் வளைவு. மூன்று விரல் என்றால் நேராக வந்து கடைசியில் தடாலென்று கீழே விழுகிற பந்து, அது கிணறு. சுண்டுவிரல் மட்டும் தனியே நீட்டினால் மெதுவான பந்து, பேசஞ்சர். விரல் அவளுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று என் வலது கை நகத்துக்கெல்லாம் சிவப்பு பாலிஷ். வலது கைக்கு இடது கையால் பூசினால் ஈஷிக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முந்தின நாள் அவளே என் கையைத் தன் மடியில் வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்துப் பூசிவிடுவாள். பக்கத்தில் வைத்தால் அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஊதுவாள். அந்த ஊதலைத்தான் நான் எங்கே போய்த் தேடுவேன். அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது, இப்போது நெல்லைக்கு வந்திருக்கிற பிட்சருக்குக் கழுகுக் கண், நான் மூக்கைச் சொறிந்தால்கூட அவளுக்குத் தெரியும், பாலிஷே தேவையில்லை. இருந்தாலும் பூசிக்கொண்டுதான் வருகிறேன். இடது கையால், அசிங்கமாக, தோலெல்லாம் அப்பிக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்கிறார்கள், "மிஸ், ஏன் ஒரு கையில மட்டும்?" இன்னொரு கையில் பூச ஆளில்லை என்று சொன்னேன், சிரித்தார்கள்.

சைத்ராவின் கை தொடை இடுக்குக்குள் இறங்குகிறது. ஆள்காட்டி விரல். எக்ஸ்பிரஸ், எங்கள் எக்ஸ்பிரஸ், கொடிக்கடியில் வைத்த பெயர். அதையும் கொடுத்துவிட்டாளா இவளுக்கு? பெயரையும் சொல்லியிருப்பாளா? சேலையைக் கொடுத்திருக்கலாம், நான் வாங்கித்தந்த கைக்கடிகாரத்தைக்கூடக் கொடுத்திருக்கலாம், எனக்கு ஒன்றும் இல்லை, இதைப் போய். ஷமீமா என்னைப் பார்க்கிறாள். கொடுத்தால் கொடுத்துக்கொள், எனக்கென்ன, ஹெல்மெட்டைத் தொடுகிறேன். வேகம் வரும் என்று ஷமீமா வேகமாக வீசுகிறாள், பந்து மட்டையில் படாமல் சாவகாசமாக வளைந்து போய் சைத்ராவின் கையுறையில் உட்காருகிறது. ஸ்ட்ரைக். ஷமீமா என்னை முறைக்கிறாள். நான் தப்பாகப் பார்த்துவிட்டேனா? அடுத்து மூன்று விரல், நன்றாகவே பார்த்தேன், கிணறு, முட்டியைத் தொடுகிறேன். வந்தது எக்ஸ்பிரஸ், நெஞ்சுக்கு நேரே, உள்ளே. ஷமீமா பின்னால் துள்ளி விழுந்து எழுந்து மண்ணைத் தட்டுகிறாள், "அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லவே வேண்டாம், கும்புடுதேன்" என்று அங்கிருந்தே கத்துகிறாள், மைதானமே சிரிக்கிறது. "ஏ புஷ்பம், தூங்குதியா?" என்று சார் சத்தம் போடுகிறார். தூங்கவில்லை சார். விரல்கள் பொய். நான் பார்ப்பேன் என்று தெரிந்து, இசக்கி அந்தப் பெண்ணை வெறுமனே விரல் காட்டச் சொல்லியிருக்கிறாள். எறிவதற்கு முன்னால் அவள் தொப்பியைத் தொடுகிறாள், இடுப்பைத் தொடுகிறாள், என்ன வரப்போகிறது என்று சைத்ராவுக்குச் சொல்வது அதுதான். பந்தை இசக்கியே தேர்ந்தெடுக்கிறாள், விரல் காட்டுகிறவளுக்கு இங்கே வேலையில்லை.

அப்படியென்றால் கொடுக்கவில்லை. நிம்மதி வருகிறது, அடுத்த நொடியே அவமானம், என்னைத் திருடியென்று நினைத்துத்தானே வாசலில் பொய்ப்பூட்டு தொங்கவிட்டிருக்கிறாள். நான் திருடத்தானே செய்தேன். சரி, இனி பார்க்கவில்லை போ. விரலைப் பார்க்காமல் முதுகை மட்டும் பார்க்கிறேன், வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வலிக்கிறதா, எண்ணெய் தேய்க்க யாராவது இருக்கிறார்களா. ஓசூரில் குளிராமே. போனில் என்ன பேசினோம் இந்த மூன்று வருஷம்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். முதலில் தினமும், பிறகு ஞாயிற்றுக்கிழமை, பிறகு பண்டிகை. கல்யாண மேடையில் மாலையோடு உட்கார்ந்து கண்ணை இடுக்கி இடுக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள், தெரியவில்லை, நான் கடைசி வரிசையிலிருந்து சுண்டுவிரலை மட்டும் தூக்கிக் காட்டினேன், பேசஞ்சர், மெதுவாக. சிவப்பு தெரிந்ததும் சிரித்துவிட்டாள், போட்டோக்காரர் கோபித்துக்கொண்டார். எனக்கு அவள் வேண்டும். என்னவாக வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, அறுபதடிக்கு அந்தப் பக்கம் நின்று என் கையைத் தேடுகிறவளாக வேண்டும், அவ்வளவுதான். இப்போது ஷமீமாவுக்கு என்ன போடலாம்? உள்ளே போட்டு பயம் காட்டியாயிற்று, பயந்தவள் தள்ளி நிற்பாள், அதனால் வெளியே, வளைவு, வெளி ஓரத்தில். இப்படி நான் நினைத்து முடிப்பதற்குள் இசக்கியின் கை சுழல்கிறது, பந்து வெளி ஓரத்தில் வளைந்து விழுகிறது. எட்டுகிற பந்துதான், ஷமீமா மட்டையை அசைக்கக்கூட இல்லை. இரண்டாவது ஸ்ட்ரைக். நான் நினைத்த அதே பந்து. முதல் பந்து என்ன? வளைவு. ஷமீமா முதல் பந்துக்குப் பறப்பாள், நானாக இருந்தாலும் வளைவுதான் சொல்லியிருப்பேன். இரண்டாவது உள்ளே எக்ஸ்பிரஸ், அதையும் நான் சொல்லியிருப்பேன், அதே உயரத்தில். மூன்றாவதும் நான்தான். இசக்கி இஷ்டத்துக்கு எறிந்தால் இப்படி எறியமாட்டாள், எனக்குத் தெரியாதா, விட்டால் பந்துக்குப் பந்து பேசஞ்சர் விடுகிற ஆள். மூன்று பந்தும் என் பந்து. எதிரே யாரும் உட்காரவில்லை என்று வைத்துக்கொண்டு, அங்கே என்னை உட்காரவைத்து, என் விரலைக் கேட்டுக்கேட்டு எறிகிறாள். மூன்று வருஷமாகவா? ஒவ்வொரு மேட்ச்சிலுமா? போனில் இதைச் சொன்னால் என்னவாம், சாப்பிட்டியா என்று கேட்கிற நேரத்தில்.

இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று, ஷமீமா அவுட், எங்கள் முறை முடிந்தது. இனி என்ன பந்து என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, கிணறு. எங்களுக்குள் நடந்த எல்லாச் சண்டையும் இந்த இடத்தில் வந்த சண்டைதான். நான் மூன்று விரல் காட்டுவேன், அவள் மாட்டேன் என்று ஆட்டிவிட்டு பேசஞ்சருக்கு நிற்பாள், ஒருதரம் ஆட்டினால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். பாதி நாள் அவள் ஜெயிப்பாள், பாதி நாள் பந்து வேலி தாண்டும். தாண்டின அன்றைக்கு அவள் ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நாங்குநேரி தாண்டும்வரைக்கும் பேசாமல் வந்து, பிறகு என் தோளில் சாய்ந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள், கிணத்தையே போட்டிருக்கணும். அவ்வளவுதான் சண்டை. முட்டியில் கைகளை ஊன்றிக் குனிந்து நிற்கிறேன், ஓடுவதற்குத் தயாராக, என் முட்டிக்கு இதுதான் கடைசி வருஷம், அடுத்த வருஷம் என்னை எடுக்கமாட்டார்கள், சார் சாடைமாடையாகச் சொல்லியாயிற்று. அவளும் அடுத்த வருஷம் ஆடுவாளோ மாட்டாளோ. அவள் திரும்பினால் போதும். இரண்டாவது பேஸில் ஆள் நின்றால் பிட்சர் ஒருதரம் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும், ஓடிவிடுவேனோ என்று, அது வழக்கம், இத்தனை நேரம் அதைக்கூடச் செய்யவில்லை அவள். திரும்புடி. ஒருதரம்.

திரும்புகிறாள். தோளுக்கு மேலாக முகம், தொப்பி நிழல், இரண்டு கண்ணையும் இடுக்குகிறாள், அப்படியே இருக்கிறது அந்த இடுக்கல், ஒரு சுருக்கம் கூடியிருக்கிறது. அவள் பார்வை என் முகத்தில் இல்லை, கீழே, முட்டிக்குப் பக்கத்தில். நானும் பார்க்கிறேன். வெள்ளைக் கால்சட்டையின்மேல் என் வலது கை, அதில் மூன்று விரல் நீண்டிருக்கிறது, மூன்று சிவப்பு நகம். நான் எப்போது நீட்டினேன்? அவள் தலையை ஆட்டுகிறாள், லேசாக, கேட்சருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. மாட்டேன். பாவி, இன்னும் மாறவில்லை. என் கை என்னைக் கேட்கவில்லை, மூன்று விரலும் மடங்கி சுண்டுவிரல் தனியே நீள்கிறது. அவள் தலையசைக்கிறாள். திரும்பிக்கொள்கிறாள், பின்னலைத் தொடுகிறாள், அந்தப் பக்கம் சைத்ராவுக்குத் தகவல் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பேசி முடித்தாயிற்று, நடுவில் மட்டையோடு நிற்கிறவளுக்குத் தெரியாது, ஆனால் இன்றைக்கு நடுவில் நிற்கிறவள் என் ஆள், என் டீம், நான் போட்டிருப்பது நெல்லைச் சட்டை. என்ன செய்து வைத்தேன்? எதிர் டீம் பிட்சருக்குப் பந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஷமீமாவுக்குச் சொல்லவேண்டும், முட்டியைத் தட்டினால் போதும், அவள் பார்க்கவில்லை, இனி என்னைப் பார்க்கமாட்டாள், கும்பிட்டுவிட்டாள். அய்யோ. அதைவிட மோசமான ஒன்று இப்போதுதான் தலைக்குள் ஏறுகிறது. ஷமீமாவின் மட்டை எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், வேகப்பந்துக்குத் தடுமாறுவாள், மெதுவாக வந்தால் விடமாட்டாள். பேசஞ்சர் அவளுக்கு அல்வா. இது எனக்குத் தெரியும், அவளோடு தினமும் பயிற்சி செய்கிற எனக்கு, இசக்கிக்குத் தெரியாது. தெரிந்துதான் சுண்டுவிரலை நீட்டினேனா? பழக்கத்தில் நீட்டினேனா, நெல்லைக்காக நீட்டினேனா, இசக்கிக்கு விட்டுக்கொடுக்கவேண்டும் என்று நீட்டினேனா? சத்தியமாகத் தெரியவில்லை. இசக்கிக்கு என்ன தெரியப்போகிறது என்றால், புஷ்பம் சொன்னாள், நம்பிப் போட்டேன், அடித்தார்கள். அது மட்டும்தான் தெரியப்போகிறது. இசக்கி, போடாதே, கிணற்றையே போடு. கை சுழல்கிறது. பந்து எத்தனை அழகாக, எத்தனை மெதுவாகப் போகிறது, பின்னாலிருந்து பார்த்தால் இப்படியா இருக்கும் பேசஞ்சர். டப்பென்று சத்தம்.

ஓடுகிறேன். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை, சார் இரண்டு கையையும் காற்றாடி மாதிரி சுற்றுகிறார், போ போ போ, மூன்றாவது பேஸைச் சுற்றும்போது இடது முட்டியில் ஏதோ தெறிக்கிறது, தெறிக்கட்டும். எதிரே ஹோம், என் இடம், அங்கே சைத்ரா கையுறையை விரித்து நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் ஒரு பச்சைச் சட்டை ஓடிவந்து நிற்கிறது. அடி விழுந்ததும் பிட்சர் ஹோமுக்குப் பின்னால் ஓடிவந்து காவல் நிற்கவேண்டும், சைத்ரா விட்டால் பிடிக்க. முகம். ஹோமுக்கு ஓடுகிறேன், முகத்தைப் பார்த்து ஓடுகிறேன், சறுக்குகிறேன், மண், வாயெல்லாம் மண், பலகை விரலில் படுகிறது, பந்து அப்புறம்தான் வந்து சைத்ராவின் கையில் விழுகிறது. எங்கள் பிள்ளைகள் மேலே வந்து விழுகிறார்கள், ஷமீமா என் ஹெல்மெட்டைத் தட்டித்தட்டிக் கத்துகிறாள், "அக்கா, பாத்தீயளா, நீங்க சொல்லாமலே அடிச்சேன் பாத்தீயளா!" பார்த்தேன்மா. எல்லோரும் விலகியபோது இசக்கி அங்கேயே நிற்கிறாள், தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது, பின்னல் அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. கண்ணை இடுக்கவில்லை, அத்தனை கிட்டே. "இசக்கி, நான்..." என்கிறேன், சாகலாம் போல இருக்கிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேலிப் பக்கம் பார்க்கிறாள், பந்து விழுந்த இடத்தை. நாங்குநேரி தாண்டுகிற நேரம் வரைக்கும் பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள்.

"ஏட்டி, கிணத்தையே போட்டிருக்கணும்."

வாயிலிருந்த மண்ணைத் துப்புகிறேன். "என்னைக்கு நான் சொன்னத மொதல்ல கேட்டிருக்க?"

"கேக்கலதான்." என் வலது கையைப் பிடித்துத் தூக்குகிறாள், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் புரட்டிப் பார்க்கிறாள். "இத யாரு பூசுனா? கொழம்புக்குள்ள கைய விட்ட மாதிரி இருக்கு."

"நாந்தான். இடது கையால."

"நாளைக்கு பைனல்ல இந்தக் கையோடயா உக்காரப்போற?" அவள் கண் கலங்கியிருக்கிறது, தோற்றதற்கா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "பாட்டில் வச்சிருக்கியா?"

"பைக்குள்ள கெடக்கு."

"போ. எடுத்துட்டு வா."

மரத்தடியில் கிடக்கிற என் பையை நோக்கி நொண்டிக்கொண்டே நடக்கிறேன். அவள் அங்கேயே நிற்கிறாள், தெரிகிறது, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இப்போது என் முதுகு அவளுக்கு. நல்லதாகப் போயிற்று, அழுதுகொண்டிருக்கிறேன்.